அம்மா சோதிக்கல, நாமதான் சுகரைச் சோதிக்கல

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. படிச்சிட்டு திட்டணும்னு தோணினா கீழேயே திட்டுங்க, எனக்குத் தெரியாம தனி குரூப் தொடங்கிப் பேச வேணாம்.

போன வாரம் நம்ம தொண்டர்கள் வாட்சாப் குரூப்புல ஒரு தம்பி ஒரு படம் போட்டாரு. உங்களை நீங்களே கவனிச்சுக்குங்கன்னு தலைப்பு. காலையில 5 மணிக்கு எழுந்து வெந்நீர், 20 நிமிஷம் தியானம், அரை மணி நேரம் யோகா, பழம், டைரி எழுதுறது, ராத்திரி 10 மணிக்கு போனை அணைச்சிட்டு தூக்கம். கீழே வரிசையா கும்பிடு, பூ, ‘அருமை’.

கும்பிடு போட்டவங்கள்ல பாதிப் பேர் யாருன்னு எனக்குத் தெரியும். காலையில 5 மணிக்கு கஸ்டம் வரிசையில மோட்டாரை உருட்டிட்டு நிக்கிறவங்க. அவங்க 5 மணிக்கு எழுந்திரிச்சா அன்னைக்கு வேலையே போச்சு. மீதிப் பேர், அவங்களுக்கு 3 மணிக்கு எழுந்து சோறு கட்டிக் குடுத்துட்டு, பிள்ளைங்களைப் பள்ளிக்கு அனுப்பிட்டு, சாயந்திரம் கோவிலுக்கு வந்து வெங்காயம் உரிக்கிறவங்க.

அந்தத் தம்பி மேல எனக்குக் கோவம் இல்லை, நல்ல மனசுலதான் போட்டிருப்பாரு. என் கோவம் வேற இடத்துல இருக்கு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் 17 வருஷமா கோவில் சமையல்கட்டுல இருக்கேன். மாசாய் பக்கம் வீடு, சிங்கப்பூர்ல வேலை, வயசு 51. எனக்கும் சுகர் இருக்கு. இதை இங்க எழுதறதுக்கே எனக்கு நாலு வருஷம் ஆச்சு.

எங்க சமையல்கட்டுல ஒரு அக்கா இருந்தாங்க. பேர் வேணாம், தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். 200 பேர் சாப்பாட்டுக்கு உப்பு அளந்து போட மாட்டாங்க, கை பார்த்துக்கும். திருவிழான்னா முதல்ல வந்து கடைசியில போறவங்க. வீட்டுக்காரர் இல்லை, ரெண்டு பிள்ளைங்களையும் தனியா ஆளாக்கினவங்க. போன வருஷம் காப்பு கட்டி விரதம் இருந்தாங்க. விரத நாள்ல சுகர் மாத்திரையை நிறுத்திட்டாங்க. வெறும் வயித்துல போட்டா மயக்கம் வருதுன்னு அவங்களே எடுத்த முடிவு. டாக்டர்கிட்ட கேட்கல, நாங்களும் கேட்கச் சொல்லல. பால்குடம் எடுத்த அன்னைக்கு வெளியாகும்போதே மணி 10 ஆயிருச்சு. தார் ரோடு, வெறுங்கால். பல வருஷ சுகர்ல காலுக்கு உணர்ச்சி குறைஞ்சு போயிருக்கும்னு யாருக்கும் தெரியாது, அவங்களுக்கே தெரியாது. கொப்புளம் வந்தது வலிக்கல. வலிக்காததால அன்னைக்கு சாயந்திரமும் சமையல்கட்டுல நின்னாங்க, மறுநாளும் நின்னாங்க. அஞ்சாம் நாள் காய்ச்சல். இப்போ அவங்க இடது கால்ல ரெண்டு விரல் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போன எங்காளுங்க கட்டில் பக்கத்துல நின்னு சொன்ன வார்த்தை இன்னும் என் காதுல இருக்கு. “கவலைப்படாதீங்கக்கா, அம்மா சோதிக்கிறா.”

இல்லைங்க. அம்மா சோதிக்கல. நாமதான் சுகரைச் சோதிக்கல. நம்ம குத்தத்தைக் கொண்டு போய் அம்மா தலையில வைக்காதீங்க.

இது ஒரு அக்கா கதை மட்டும் இல்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வுல, மலேசியாவுல பெரியவங்கள்ல நூத்துக்கு 18.3 பேருக்கு நீரிழிவு. இந்தியர்கள்ல மட்டும் பார்த்தா 31.4. மூணு இனத்துலயும் நாமதான் முதல் இடம். ஒரு பந்தியில 10 பேர் உட்கார்ந்தா, அதுல மூணு பேரு. இன்னொண்ணையும் அதே ஆய்வு சொல்லுது. நாட்டுல சுகர் உள்ளவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு தங்களுக்கு இருக்குன்னே தெரியாது. அந்தப் பந்தியில நின்னு, “இன்னும் கொஞ்சம் பாயசம் போட்டுக்குங்க, பிரசாதம் வேணாம்னு சொல்லக் கூடாது”ன்னு கரண்டியைச் சாய்ச்சது நான்தான். 17 வருஷமா.

இதைப் பேசினா உடனே வர்ற பதில் எனக்கு மனப்பாடம். ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல் பதில்: “நம்ம பாட்டன் பாட்டி எல்லாம் இதெல்லாம் பார்த்தாங்களா? விடியக்காலையில எழுந்து உழைக்கலையா?”

உழைச்சாங்க. என் பாட்டி தோட்டத்துல பால்மரம் வெட்டினவங்க. குளிர்ச்சியான நேரத்துலதான் பால் நல்லா வடியும், அதனால இருட்டோட பெரட்டுக்குப் போகணும். ஆனா பால் எடுத்துக் கொண்டு போய் நிறுத்துப் போட்டா மத்தியானத்தோட வேலை முடிஞ்சிரும். அதுக்கப்புறம் நாள் அவங்களோடது. ரெண்டு மணிக்குச் சாப்பிட்டு, பாயைப் போட்டுப் படுத்து, நாலு மணிக்கு வாசல்ல உட்கார்ந்து பேன் பார்த்து, கதை பேசி, எட்டு எட்டரைக்குத் தூங்கினாங்க. அவங்க வாழ்க்கை சொகுசுன்னு நான் சொல்லல. சம்பளம் எவ்வளவு, கஷ்டம் எவ்வளவுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா சீக்கிரம் எழுந்தவங்க சீக்கிரம் படுத்தாங்க. நாம பாட்டி எழுந்த நேரத்துக்கு எழுந்து, டவுன்காரன் தூங்குற நேரத்துக்குத் தூங்குறோம். எழுந்திரிக்கிறதுக்கு மட்டும் பாட்டியை உதாரணம் காட்டுறோம்.

கணக்கு போட்டுப் பாருங்க. 3.45க்கு எழும்பணும். 4.30க்கு மோட்டாரோ பஸ்ஸோ. 7 மணிக்கு ஷிப்ட், 12 மணி நேரம். திரும்பி பாலம் தாண்டி வீடு வர ராத்திரி 9 மணி. குளிச்சு சாப்பிட்டு, பிள்ளை முகத்தைப் பார்த்துட்டுப் படுக்க 11. ஐந்து மணி நேரம் கூட இல்லை. பெரியவங்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கம் வேணும்னு டாக்டருங்க எல்லாரும் சொல்றாங்க. ஒரு வாரத்துல பத்து மணி நேரத்துக்கு மேல கடன். இந்த உடம்பைத்தான் சனி ஞாயிறு கோவிலுக்குக் கொண்டு வந்து, “வாங்க, அண்டாவைத் தூக்குங்க”ன்னு சொல்றோம்.

தோட்டத்துல கோவில் எதுக்கு இருந்துச்சு? வருஷம் பூரா குனிஞ்ச முதுகு திருவிழா அன்னைக்காவது நிமிரணும்னு இருந்துச்சு. உழைக்கிறவன் உட்காருற இடம் கோவில்தான். அதை நாம இன்னொரு ஷிப்ட் ஆக்கிட்டோம், ஓடி காசு இல்லாத ஷிப்ட்.

ரெண்டாவது பதில்: “சாமி காரியத்துல உடம்பைப் பார்க்கலாமா? அது சுயநலம் இல்லையா?”

திருக்குறள்ல 95வது அதிகாரம் ‘மருந்து’. கோவில் வகுப்புல பிள்ளைங்களுக்கு நாமதான் சொல்லிக் குடுக்கிறோம். அந்தப் பத்துக் குறளையும் ஒரு தடவை உட்கார்ந்து படிங்க. ஒரு மூலிகை பேர் கிடையாது, ஒரு லேகியம் கிடையாது. ஆறு குறள் சாப்பாட்டைப் பத்தியே போகுது: பசிச்சா சாப்பிடு, அளவு தெரிஞ்சு சாப்பிடு. மருந்துன்னு பேர் வச்சிட்டு வள்ளுவர் எழுதினது அன்றாட வழக்கத்தைப் பத்தி. கடைசிக் குறள்ல வைத்தியம்னா நாலு பேர் கூட்டுன்னு முடிக்கிறாரு: நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்துல இருந்து கவனிச்சுக்கிறவர்.

அந்த நாலாவது ஆள்தான் என் சண்டையே.

தன்னைத்தானே கவனிச்சுக்கணும்னு சொல்றாங்களே, அது தனியா ஒரு ஆளால முடியுற காரியம் இல்லை. நம்ம அக்கா தன்னை எப்படிக் கவனிச்சுக்க முடியும்? அவங்க எழுந்து போனா குழம்பைப் பார்க்க ஆள் இல்லை. வீட்டுல அவங்க படுத்தா அடுப்பு எரியாது. தன்னைக் கவனிக்க நேரம் வேணும், அந்த நேரத்தை இன்னொருத்தர் விட்டுக் குடுத்தாத்தான் கிடைக்கும். ஆம்பளைங்க அந்தப் படத்துக்குக் கும்பிடு போட்டுட்டு டீ கேட்குறீங்களே, அந்த டீயை நீங்களே போட்டா உங்க வீட்டம்மாவுக்குப் பத்து நிமிஷம் மிச்சம். அந்தப் பத்து நிமிஷம் தாமானைச் சுத்தி ஒரு நடை. தொடங்குறதுக்கு அது போதும்.

மூணாவது பதில், கொஞ்சம் வசதியானவங்ககிட்ட இருந்து: “அதுக்குத்தான் நாங்க பேக்கேஜ் எடுத்துக்கிறோம். ஸ்பா, மசாஜ், டீடாக்ஸ் ஜூஸ்.”

காசு இருந்தா செய்யுங்க, நான் குறுக்க நிக்கல. ஆனா அதையே வழின்னு குரூப்புல விக்காதீங்க. 300 வெள்ளிக்கு எண்ணெய் தேய்ச்சிட்டு வந்து மறுநாள் நாலு மணி நேரம் தூங்கினா அந்தக் காசு தண்ணியில போட்ட உப்பு. நம்ம அரசாங்க கிளினிக் கெசிஹாத்தான்ல பார்க்க ஒரு வெள்ளி. எஸ்டிஆர் உதவி வாங்குற குடும்பத்துல 40 வயசு ஆனவங்களுக்கு, அவங்க துணைக்கும் சேர்த்து, பெக்கா பி40 திட்டத்துல உடல் பரிசோதனை இலவசம். ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்ப்பாங்க. 2019ல இருந்து இருக்கு. நம்ம சமையல்கட்டுல 14 பேரைக் கேட்டேன். போனவங்க ரெண்டு பேர். மீதிப் பேர் சொன்ன காரணம் ஒண்ணுதான்: “நேரம் எங்கம்மா இருக்கு?” அதுல மூணு பேர் அந்த வாரமே கோவிலுக்கு நாலு சாயந்திரம் வந்தவங்க.

நான் என்ன செய்யுறேன்னு கேட்பீங்க. சொல்றேன், பெருமைக்கு இல்லை. ராத்திரி சாப்பாடு சமைக்கிறதை விட்டுட்டேன். வீட்டுக்காரரும் மகனும் மாத்தி மாத்திச் செய்யுறாங்க. முதல் மாசம் முட்டையும் சார்டினும்தான். யாரும் சாகல. சாப்பிட்டதும் பத்து நிமிஷம் வீட்டு ரோட்டுல நடக்கிறேன், சாப்பிட்டதும் நடந்தா சுகர் ஏறுறது குறையும்னு கிளினிக்ல சொன்னாங்க. படுக்கும் முன்னாடி கண்ணாடி வச்சு ரெண்டு உள்ளங்காலையும் பார்க்கிறேன். அக்கா கால் கத்துக் குடுத்த பாடம் அது. பத்து மணிக்கு முன்னாடி படுக்கிறேன், நாடகம் போச்சு. ஏழு மணி நேரம் வேலை நாள்ல கிடைக்காது, ஆறு கிடைக்குது. லீவு நாள்ல பகல்ல படுக்கிறேன், யார் மணியடிச்சாலும் திறக்கிறதில்லை. தோலுக்குப் பளபளப்பு வரல. ஆனா மூணு மாச சுகர் கணக்கு இறங்கியிருக்கு. எல்லாத்தையும் விட, கோவில்ல யார் மேலயும் எரிஞ்சு விழறது குறைஞ்சிருக்கு. பக்கத்துல நிக்கிறவங்களைக் கேளுங்க.

கவனிச்சீங்களா, இதுல நான் ‘செய்யுறது’ கொஞ்சம், ‘விட்டது’ நிறைய. நாளுக்கு 24 மணி நேரம்தான். ஒண்ணைச் சேர்க்கணும்னா ஒண்ணை இறக்கணும். இருக்கிற சுமை மேலேயே யோகாவையும் தியானத்தையும் ஏத்துறது கவனிப்பு இல்லை, இன்னொரு சுமை.

இப்போ நிர்வாகத்துக்கு. எந்த நிர்வாகம்னு கேட்காதீங்க. ஜொகூர்ல எந்தக் கோவில் பெரியவர் படிச்சாலும் தன் கோவில்னு நெனச்சுப் படிக்கலாம்.

2014ல இருந்து 2024 முடிய ஜொகூர்ல வாராந்திர லீவு வெள்ளியும் சனியும். சிங்கப்பூர்ல வேலை செய்யுற அப்பா அம்மாவுக்கு ஞாயித்துக்கிழமை லீவு, பிள்ளைக்கு அன்னைக்குப் பள்ளி. ஒரே வீட்டுல இருந்தும் சேர்ந்து உட்கார ஒரு சனிக்கிழமைதான், அதுலயும் பாதி சனி ஓடி. 2025 ஜனவரி 1ல இருந்து சனி ஞாயிறு லீவு ஆச்சு. பதினோரு வருஷம் கழிச்சு குடும்பத்துக்கு ஒரு ஞாயிறு திரும்பக் கிடைச்சுது. அதை நாம என்ன பண்ணினோம்? காலையில கூட்டம், மத்தியானம் கோலாட்டம் பயிற்சி, சாயந்திரம் உபயக்காரர் சந்திப்பு. கிடைச்ச ஞாயித்தையும் அள்ளிக்கிட்டோம். ஆர்டிஎஸ் ரயில் மிச்சப்படுத்திக் குடுக்கிற நேரத்தையும் இப்படித்தான் அள்ளுவோம், இப்பவே ஒரு முடிவு எடுக்கலைன்னா.

அதனால நான் கேட்கிறது ஆறு விஷயம்.

1. பந்தி 12.30க்குத் தொடங்கணும். பிரமுகர் வரலைன்னு மகா தீபாராதனையை ஒரு மணி நேரம் தள்ளாதீங்க. மாத்திரை போட்டுட்டு உட்கார்ந்திருக்கிறவங்க கை நடுங்குது. வயசானவங்க, சுகர் உள்ளவங்க, கர்ப்பிணிங்க முதல் பந்தி.

2. அன்னதானத்தை நிறுத்தச் சொல்லல, நிறுத்தினா முதல்ல அழறது நான்தான். சோத்துக் கரண்டியைச் சின்னதாக்குங்க, காய் கரண்டியைப் பெருசாக்குங்க. பாயசத்தைக் கேட்டுட்டு ஊத்துங்க. தண்ணீர்ப் பந்தல்ல சிரப் மட்டும் வைக்காம, பக்கத்துலயே பச்சைத் தண்ணியும் நீர்மோரும் வைங்க. சுண்டல் நம்ம சொந்தப் பிரசாதம், நவராத்திரிக்கு மட்டும்னு யாரு சொன்னது?

3. சமையல்கட்டுல ஒருத்தர் நாலு மணி நேரத்துக்கு மேல நிக்கக் கூடாது. பேர் எழுதி நேரம் போட்ட அட்டவணை வேணும். அண்டா கழுவுறது ஆம்பளைங்க. மைக் பிடிக்க பத்து பேர் வர்றீங்க, பாத்திரம் பிடிக்க ரெண்டு பேர் வரக் கூடாதா?

4. காப்பு கட்டுறவங்க, நேர்த்திக்கடன் செய்யுறவங்க எல்லார்கிட்டயும் ரெண்டு கேள்வி: என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, விரதத்தைப் பத்தி டாக்டர்கிட்ட கேட்டீங்களா? பால்குடம் வெயிலுக்கு முன்னாடி 6.30க்கு வெளியாகணும். கால்ல உணர்ச்சி இல்லாதவங்க கோவிலுக்குள்ள நிழல்ல சுத்தி வரட்டும். அம்மா ஏத்துக்க மாட்டான்னு சொல்றவர் யாரா இருந்தாலும் என் முன்னாடி வந்து சொல்லட்டும்.

5. மாசத்துல ஒரு ஞாயிறு சும்மா விடுங்க. பூஜை நடக்கட்டும். கூட்டம், பயிற்சி, வசூல் எதுவும் வேணாம்.

6. மாசத்துல ஒரு வெள்ளிக்கிழமை செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல ஒரு மேசை, சுகரும் பிரஷரும் பார்க்க. நம்ம பக்தருங்கள்லயே தாதிங்க எத்தனை பேர் இருக்காங்க, கேட்டா வர மாட்டாங்களா?

“ஆள் இல்லைம்மா, இதெல்லாம் நடைமுறைக்கு வராது”ன்னு ஒரு அண்ணன் ஏற்கெனவே போன்ல சொல்லிட்டாரு. அண்ணே, மரியாதையோட சொல்றேன். ஆள் இல்லாததுக்குக் காரணமே இதுதான். வர்ற ஆளை மூணு வருஷத்துல பிழிஞ்சு எடுத்துடுறோம், அப்புறம் அவங்க பிள்ளைங்க கோவில் பக்கமே வர்றதில்லை. தன் அம்மாவை யாரும் கவனிக்காத இடத்துக்கு எந்தப் பிள்ளை வருவான்? அக்காவோட பெரியவன் இப்போ வெளியே நின்னு அவங்களை இறக்கி விட்டுட்டுப் போறான். உள்ளே வர்றதில்லை. அவனைப் போய் யாரும் குத்தம் சொல்லாதீங்க.

அக்கா போன வெள்ளிக்கிழமை வந்தாங்க. சமையல்கட்டுக்கு வர முடியாது. வெளிப் பிரகாரத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மெத்தை வச்ச செருப்போட பூ கட்டினாங்க. செருப்பைப் பார்த்து ரெண்டு பேர் முகம் சுளிச்சாங்க. நான் பார்த்தேன், அக்காவும் பார்த்தாங்க. அவங்க ஒண்ணும் சொல்லல. காலை ஸ்டூலுக்கு அடியில மறைச்சு வச்சுக்கிட்டாங்க.

அதைப் பார்த்துட்டு வந்துதான் இதை எழுதறேன்.

அடுத்த கூட்டத்துல இந்த ஆறையும் எழுந்து நின்னு கேட்கப் போறேன். கை தூக்க யார் வர்றீங்கன்னு கீழே சொல்லுங்க. வர முடியாதவங்க ஒண்ணு மட்டும் செய்யுங்க. இன்னைக்கு சாயந்திரம் உங்க வீட்டுல, உங்க கோவில்ல, எப்பவும் நின்னுக்கிட்டே இருக்கிற ஒருத்தரை உட்கார வைங்க. “சாப்டீங்களா”ன்னு எல்லாரும் கேட்கிறோம். “மாத்திரை போட்டீங்களா? நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினீங்க?”ன்னு கேளுங்க. பதிலைக் கேட்டுட்டு அவங்க கையில இருக்கிற கரண்டியை நீங்க வாங்கிக்குங்க.

ஓம் சக்தி.